யன்னலில் சிரித்த பொடியன்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பிலும் அகலத்திலும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டு போகும் என் மச்சான் நௌபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், என் வீட்டுக்காரியான உங்கள் ராத்தா, கூடப்பிறந்த அக்கா றம்லாவும், உங்கள் மருமகள் ஹுஸ்னியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே டோஹாவில் நீங்களும் உங்கள் வயிறும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் சொன்னால் நீங்கள் மூன்று வசனத்துக்குச் சிரிக்கிறீர்கள், கதை கரை சேர முன்னம் டேட்டா முடிந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் நான் என் பாட்டில் எழுதிக்கொண்டு போகலாம். பக்கத்துத் தெரு பஸ்னாவின் மாப்பிள்ளை லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார். றம்லா உங்களுக்குக் கட்டிய கருவாட்டுப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். கடிதம் மணத்தால் என்னைக் குறை சொல்லவேண்டாம். மீன் வியாபாரி எழுதிய கடிதம் மல்லிகைப் பூ மணக்குமா?

விசயம் இதுதான். ஹுஸ்னியாவுக்கு மூதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் அஸ்ஹான், மின்சாரச் சாமான் திருத்துகிற கடை வைத்திருக்கிறார், நல்ல பிள்ளை என்று கேள்வி. ஹுஸ்னியாவின் போனுக்குப் படம் வந்த அன்று அவள் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மகள் அப்பிடிப் பாக்கிறாய்?" என்றேன். "பின்னுக்கு நிக்கிற மாமரத்தைப் பாக்கிறன் வாப்பா" என்றாள். மாமரத்தை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா மச்சான்? எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இந்தச் சம்பந்தம் தவறினால் என் பிள்ளைக்கு மனசு உடையும் என்று.

தவறுவதற்கு வழியும் இருந்தது. நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டி மகளுக்குக் கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறவேண்டும். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை அரைக் கண்ணால் பார்த்துவிட்டு மிச்சம் ஒன்றரைக் கண்ணாலும் வீட்டைப் பார்ப்பார்கள். போன வருசம் கிண்ணியாவிலிருந்து வந்த கூட்டம் ஞாபகம் இருக்கும். கட்லட்டை எல்லாம் முடித்துவிட்டு, "வீடு நல்லம், ஆனா உள்ளுக்கு இருந்தாலும் றோட்டுல இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிப் போனவர்கள்தான், திரும்பி வரவேயில்லை. யன்னலுக்குத் துணி இல்லாத குறைதான் அது. அதற்குப் பிறகு ஹுஸ்னியா யன்னல் பக்கம் கதிரையைப் போடுவதையே விட்டுவிட்டாள். ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் எனக்கு வருத்தம். சொல்லி அழுதால் நானும் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

இந்த வீட்டுக்கு எட்டு யன்னல் வைத்ததும் நான்தான். மேசன் கேட்டபோது, கடல் காத்து சும்மாதானே வருது, போடுங்க போடுங்க என்று விட்டேன். காற்று சும்மா வரும், யன்னலை மூடுகிற துணி சும்மா வராது என்று அப்போது உறைக்கவில்லை. டவுனில் திரைச்சீலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் அளவுகளைக் கேட்டு, ஒரு துண்டில் எழுதிக் கூட்டி, முதலில் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பிறகுதான் விலையைச் சொன்னார். அனுபவசாலி. நான் அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்த அன்றே பேப்பர் ஒட்டினேன். பழைய பேப்பரைக் கஞ்சிப் பசை போட்டு எட்டு யன்னலிலும் உள்பக்கமாக ஒட்டினேன், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. மானம் தப்பியது, ஆனால் மாஸ்டர் பிறந்தார். முன்வீட்டு சிவரூபன் மாஸ்டரைத்தான் சொல்கிறேன், தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர். விடியற்காலை கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எங்கள் ஹோல் யன்னலுக்கு முன் நின்று வாசிக்கத் தொடங்கினார். பழைய பேப்பர்தானே மாஸ்டர் என்றால், "பழசெண்டாலும் நான் வாசிக்காதது எனக்குப் புதுசுதானே மஹ்ரூப்" என்கிறார். நியாயம்தான். மூன்றாம் நாள் கதவில் தட்டினார். "ஒரு கொலைக் கேஸ் வாசிச்சுக்கொண்டு வந்தனான், தொடர்ச்சி ஏழாம் பக்கமெண்டு கிடக்கு. ஏழாம் பக்கம் எங்க?" நான் தேடிப் பார்த்தால் ஏழாம் பக்கம் ஹுஸ்னியாவின் அறை யன்னலில். "மாஸ்டர், அது பொம்பிளைப் பிள்ளைட அறை" என்றேன். "அப்ப நீர் போய் வாசிச்சு வந்து சொல்லும், ஆர் கொலை செய்ததெண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்" என்றார். நான் வாசிக்கிற வேகத்துக்குக் கொலைகாரன் தண்டனை முடிந்து வீட்டுக்கே வந்துவிடுவான் என்று சொல்லி, பேப்பர் முழுவதையும் கழுவி எடுத்தேன்.

அடுத்தது வலை. சல்லிக் கடற்கரையில் எனக்கு மீன் தருகிற ஆட்களிடம் கிழிந்த வலை குவிந்து கிடக்கும். பச்சை நிறம், காற்றும் வரும், நாலு மடிப்பாகப் போட்டால் ஆளும் தெரியாது. றம்லா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கழுவிப் போட்டுக் கட்டுங்க" என்றாள். நான் இரண்டு தண்ணீரில் அலசினேன். மீன் வியாபாரியின் மூக்குக்கு இரண்டு தண்ணீர் போதும், பூனையின் மூக்குக்குப் போதாது என்று பிறகுதான் தெரிந்தது. மச்சான், திருகோணமலையில் இத்தனை பூனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எட்டு யன்னலிலும் தொங்கின. பூனையைப் பார்த்து நாய் வந்தது, நாயைப் பார்த்து காகம் வந்தது, காகத்தைப் பார்த்து ஒரு மனிசர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "இங்க மீன் மலிவா?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு கிலோ பாரையை விற்றுவிட்டு வலையைக் கழற்றினேன். அந்த வலையால் வந்த லாபம் அது ஒன்றுதான்.

பிறகு உங்கள் ராத்தா தன் சாரிகளை எடுத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லவேண்டும், அழகு என்றால் அழகு. ஹோலுக்கு நீலம், அறைகளுக்கு ரோசாவும் மஞ்சளும், குசினிக்குக்கூட கரை போட்ட ஒன்று. கஞ்சத்தனத்தில் இதைவிட நல்ல யோசனை கிடையாது என்று நானே அவளைப் புகழ்ந்தேன். ஆனால் அவளிடம் இருந்த நல்ல சாரி எல்லாம் யன்னலில். யாரும் கலியாணத்துக்குக் கூப்பிட்டால் றம்லா ஒரு யன்னலைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போகவேண்டும். பக்கத்து வீட்டு வைபவத்துக்கு ஹோல் யன்னல் போனது. சாம்பல்தீவில் என் கூட்டாளியின் வீடு குடிபுகுந்த அன்று மகளின் அறை யன்னல் போனது. அவள் வெளிக்கிட்டால் வீட்டில் ஒரு ஓட்டை திறக்கும், ஓட்டையைப் பார்த்தே தெருவுக்கு ராத்தா வீட்டில் இல்லை என்று விளங்கும். சந்தியில் ஓட்டோக்காரப் பொடியன்கள், "மாமி, இண்டைக்கு ஹோலைக் கட்டிக்கொண்டு எங்க பயணம்?" என்று கேட்ட அன்று அவள் எல்லாச் சாரியையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதுவும் கச்சான் காற்று அடிக்கிற காலம். ஒரு நாள் இன்னும் தொங்கியிருந்தால் அவளுடைய கலியாணச் சாரியை துறைமுகத்துக்குள் போய்த்தான் எடுத்திருக்கவேண்டும்.

இதற்குள் மூதூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை யன்னல் எட்டும் பிறந்த மேனியாக நிற்கிறது. ஹுஸ்னியா கதிரைகளை யன்னலை விட்டுத் தள்ளித் தள்ளி வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் போய், மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் டவுனைச் சுற்றினேன். நிருபனின் பெனர் அடிக்கிற கடைக்குப் பின்னால் கண்டேன், சந்திகளில் தொங்கி ஆயுள் முடிந்த பெனர்கள் ஒரு குவியல். நம்முடைய ஊர்களில் பிறந்தால் பெனர், பாஸானால் பெனர், மௌத்தானால் பெனர், வோட்டுக் கேட்டாலும் பெனர்தானே. "எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை, எனக்கு இடம் மிஞ்சும்" என்றார் நிருபன். தடிப்பு, மழைக்கும் அசையாது, பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளையை வீட்டுக்கு உள்பக்கமாக வைத்தேன். தெருவுக்குத் தெரிகிற எழுத்துப் பக்கத்துக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை ஒரு பூச்சுப் பூசினேன். எந்தத் துண்டு எந்த யன்னலுக்கு என்று பார்க்கவில்லை, அளவுக்கு வெட்டினேன், ஆணி அடித்தேன். ஞாயிறு காலை றோட்டில் நின்று பார்த்தால் வீடு டொக்டர் வீடு மாதிரி நிற்கிறது. ஹுஸ்னியா கூட, "வாப்பா, வடிவா இருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் துறைமுகத்துக்கே திரை போட்டிருப்பேன்.

மூதூர் வான் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா நஸ்ரின், வாப்பா ஹாஜியார், ஹாஜியாரின் தம்பிமாரான இரண்டு சாச்சாமார். மாப்பிள்ளை வரவில்லை, முதல் பார்வைக்கு வருவது முறையில்லையாம். வீட்டை அறை அறையாகக் காட்டினேன், எல்லாம் நன்றாகப் போனது. கட்லட் போனது, வட்டிலப்பம் போனது, ஹாஜியார் யன்னலைத் தொட்டுப் பார்த்து, "இது புதுமாதிரியா இருக்கே, கொழும்புச் சாமானா?" என்று கேட்டார். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, "இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் வைக்கட்டா?" என்றேன். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஆம்பிளைகள் பள்ளிவாசலுக்குப் போனோம். போகிற நேரம், மாப்பிள்ளை மின்சாரச் சாமான் தெரிந்தவர், வயரிங் எப்படி என்று இவர்கள் போய்ச் சொல்லட்டுமே என்ற பெருமையில், வீட்டு லைட் எல்லாவற்றையும் நான்தான் போட்டுவிட்டுப் போனேன். புது பல்ப், மச்சான். சூரியன் தோற்கும்.

தொழுதுவிட்டுத் திரும்பி வருகிறோம், நான் முன்னுக்கு, ஹாஜியார் என் பக்கத்தில். தெரு இருட்டிவிட்டது. வளைவு திரும்பினால் என் வீடு பளபளவென்று எரிகிறது, ஹுஸ்னியாவின் அறை யன்னல் முழுக்க ஒரு பொடியன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். சுருட்டை முடி, வெள்ளைப் பல்லு, தலைக்கு மேல் "உன்னால் பெருமை கொள்கிறோம்." பகலில் அத்தனையையும் மறைத்த ஒரு பூச்சுப் பெயிண்ட், உள்ளே வெளிச்சம் வந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நான் பகலில் மட்டும்தானே பார்த்தேன்!

ஹாஜியார் றோட்டிலேயே நின்றுவிட்டார். "இது யாரு?"

எனக்கு வாயில் வந்தது உண்மைதான். "தெரியாது ஹாஜியார்."

"மகள்ற அறையில இம்மாம் பெரிய முகத்தை வைச்சிருக்கிறீங்க, யாரெண்டு தெரியாதா?"

சாச்சாமார் இருவரும் வானைப் பார்த்தார்கள், வானத்தை இல்லை, வந்த வாகனத்தை. நான் பெனர், நிருபன், பெயிண்ட், அளவு, ஆணி என்று மேலும் கீழுமாகச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கேட்கிறது. சத்தம் கேட்டு உள்ளிருந்து நஸ்ரின் வந்து அந்த முகத்தைப் பார்த்தார். றம்லா வந்து பார்த்து, "அல்லாஹ்வே" என்று வாசல்படியில் இருந்துவிட்டாள். மச்சான், என் வாழ்க்கையில் எனக்குப் பகிடி வராமல் போன நேரம் அது ஒன்றுதான். கிண்ணியா வான் போன மாதிரி இந்த வானும் போகப்போகுது என்று என் நெஞ்சு சொன்னது.

அப்போதுதான் ஹுஸ்னியா வெளியே வந்தாள். முந்தானையைத் தலையில் சரியாக இழுத்துவிட்டு, நஸ்ரினுக்கு முன்னால் நின்றாள். "மாமி, அவர் யாரெண்டு எனக்கும் தெரியா. உள்ளுக்கு இருந்து பாத்தா எனக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். இப்ப என்னை விட உங்களுக்குத்தான் அவரைக் கூடுதலாத் தெரியும்."

நஸ்ரின் அவளையே பார்த்தார். பிறகு மெல்ல, "மத்த யன்னல்லயும் ஆக்கள் இருக்காங்களா மகள்?" என்றார்.

"தெரியா மாமி. வாங்க, பாப்பம்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், நாங்கள் பின்னால். ஹோல் யன்னலில் தலையில்லாத இரண்டு கை கும்பிட்டுக்கொண்டு வோட்டுக் கேட்டது. என் அறையில் யாரோ ஒரு பாலர் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி. குசினி யன்னலில் கறுப்பு எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி." அதுவரைக்கும் உம்மென்று வந்த ஹாஜியார் அதன் முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கட்லட்டைத் திண்ட பிறகு காட்டுறீங்களே, முன்னமே காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். எனக்கு மூச்சு வந்தது. கடைசியாக வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பினால் கக்கூஸ் யன்னல், சின்ன யன்னல், மஞ்சள் எழுத்து, அதில், "வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறோம்."

நஸ்ரின் கிணற்றுக் கட்டின் மேல் இருந்துவிட்டார். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணைத் துடைக்கிறார், திரும்பவும் யன்னலைப் பார்க்கிறார், திரும்பவும் சிரிக்கிறார். ஹுஸ்னியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, சொந்த அண்ணனிடம் பேசுகிற மாதிரி, என்ன சொன்னார் தெரியுமா? "காக்கா, எங்கட வீட்டு யன்னல்ல தொங்குறது கட்டில் விரிப்பு. விருந்தாளி வந்தா கழட்டிக் கட்டில்ல போடுவம், அவங்க போனாப் பிறகு திரும்ப யன்னல்ல போடுவம். ஒருநாள் ஒரு ஆள் வந்து இரவும் தங்கிட்டார், விடியுமட்டும் தெரு முழுக்க எங்களைப் பாத்துக்கொண்டு போகுது." ஹாஜியார், "அதை ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கடுகடுத்தார். "இவங்க எட்டு யன்னலையும் காட்டிட்டாங்க, நாம ஒண்டையாவது காட்ட வேணாமா?" என்றார் நஸ்ரின்.

அங்கேயே, அந்தக் கிணற்றுக் கட்டிலேயே கதை முடிந்தது. வீடு நீங்கள் தாருங்கள், யன்னலுக்குத் துணி எங்கள் மகன் போடட்டும், தான் குடியிருக்கப்போகிற வீட்டை அவன்தானே மறைக்கவேண்டும் என்று நஸ்ரின் சொல்ல, ஹாஜியாரும் தலையாட்டினார். மாரி மழைக்கு முன்னம் நிக்காஹ் என்று முடிவு. வான் புறப்படும்போது நஸ்ரின் தலையை வெளியே நீட்டி, "அந்தப் பொடியனை மட்டும் கழட்டிருங்க காக்கா, என்ட மகன் கண்டா பொறாமைப்படுவான்" என்றார். அன்று இரவே கழற்றினேன். அவனைச் சுருட்டி மீன் பெட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன். எங்கே போனாலும் சிரித்துக்கொண்டே வருகிறான், வியாபாரமும் பரவாயில்லை.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தின் சாரம் என்னவென்றால், உங்கள் மருமகளின் காரியம் கைகூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். யன்னலுக்கு அதை அனுப்பட்டா இதை அனுப்பட்டா என்று அங்கிருந்து கடை கடையாக ஏறி இறங்கி மெலிந்துவிடாதீர்கள். ஒரு துண்டுத் துணியும் வேண்டாம். சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மருமகன் போடுவார். நீங்கள் வெறுங்கையோடு நிக்காஹுக்கு வந்தால் போதும், உங்களை நிறுத்திவைத்தாலே இரண்டு யன்னல் மறையும்.

றம்லாவின் ஸலாம், ஹுஸ்னியாவின் ஸலாம். உங்கள் அறையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாத்தையும் கருவாட்டில் கொஞ்சத்தையும் கொடுங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நல்ல சம்பளத்தையும், சிரிக்காமல் கதை கேட்கிற பொறுமையையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மஹ்ரூப்

பி.கு: பார்சல் கட்ட முன்னம் மருமகன் அஸ்ஹான் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு யன்னல் அளக்க வந்தார். எட்டையும் அளந்தார், பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "மாமா, இவ்வளவு கடல் காத்து வாற வீட்டுக்குத் துணி ஏன்? வெளியில கம்பி கட்டிக் கொடித்தோடை படர விடுவம். நிழலும் வரும், பழமும் வரும், ஆளும் தெரியாது" என்றார். நான், மகள் யன்னலுக்குத் துணி இல்லாமல் கஷ்டப்பட்டவள், அவளைக் கேளுங்கள் என்றேன். கதவுக்குப் பின்னால் இருந்து ஹுஸ்னியா, "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்கிறாள்! எப்போது நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கதிரையைத் தூக்கி வந்து யன்னல் பக்கத்தில் போட்டு இருந்துவிட்டாள், இன்னும் எழும்பவில்லை. கன்று நட்டாகிவிட்டது. இப்போது என் சுண்டுவிரல் உயரம். நிக்காஹ் வருவதற்குள் அது முழங்கால் உயரம் வந்தாலே பெரிய காரியம். ஆகையால் மேலே நான் எழுதியதை எல்லாம் அழித்ததாக நினைத்துக்கொண்டு, எட்டு யன்னலுக்கும் துணி வாங்கி உடனே அனுப்பிவிடுங்கள். நிறம் எதுவென்றாலும் பரவாயில்லை. எழுத்து மட்டும் இருக்கக் கூடாது.